பெட்டியைக் கட்டுமுன் கொஞ்சம் பொறுங்கள்

‘கணையத்தில் நீர்க்கட்டி, 5 செ.மீ.’ என்று ஸ்கேன் தாள் சொன்னதும், அந்தமானின் கராச்சர்மாவில் இருக்கும் தமிழ்க் குடும்பம் முதலில் போடும் கணக்கு சென்னைப் பயணம்தான். கப்பல் என்றால் சுமார் மூன்று நாள்; விமானம் என்றால் இரண்டு மணி நேரம், செலவு அதிகம். ஆனால், குடியால் வந்த கணைய அழற்சிக்குப் பிறகு தோன்றும் கட்டிகளில் பல, கத்தி படாமலே வற்றிவிடுகின்றன.

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பின் குறுக்கே படுத்திருக்கிறது கணையம். ஒரு சாண்கூட இல்லை. ஆனாலும் தினமும் ஒரு லிட்டருக்கு மேல் செரிமான நீரைச் சுரக்கிறது. இறைச்சியையே கரைக்கும் அதன் நொதிகள் குடலுக்குப் போன பிறகுதான் விழிக்க வேண்டும். பல ஆண்டுக் குடி அவற்றைக் கணையத்துக்குள்ளேயே எழுப்பிவிடுகிறது. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை பாயும் வலி அப்படித்தான் வருகிறது.

அரிக்கப்பட்ட கணையக் குழாயிலிருந்து கசியும் நீர் பக்கத்தில் தேங்குகிறது. சுமார் 4 வாரங்களில் உடல் அதைச் சுற்றி நார்த்திசுவால் கரை கட்டிவிடும். உண்மையான நீர்க்கட்டிக்கு உள்ளே செல்களாலான படலம் உண்டு, இதற்கு இல்லை. அதனால்தான் ‘போலி நீர்க்கட்டி’ என்று பெயர். தானாகச் சுரக்கத் தெரியாத இந்தக் குட்டைக்குக் கசிவு ஒன்றே வரத்து. கசிவு அடைபட்டால், தேங்கிய நீரை உடலே உறிஞ்சிக்கொள்ளும்; சில வேளை அது கணையக் குழாயின் வழியாகக் குடலுக்கு வடிந்துவிடும்.

6 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, 6 வாரம் தாண்டினாலோ அறுவை சிகிச்சை என்பது பழைய விதி. 1990இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், 1992இல் மேயோ கிளினிக் ஆய்வுகள் அதைத் தளர்த்தின. தொல்லை தராத கட்டியை ஸ்கேன் மூலம் கண்காணித்தாலே போதும் என்பதே இன்றைய வழக்கம்.

எல்லாக் கட்டியும் வற்றாது. கணையக் குழாயில் கல்லோ அடைப்போ இருந்தால் வாய்ப்பு குறைவு. காய்ச்சல், மஞ்சள் காமாலை, ஓயாத வாந்தி, ரத்த வாந்தி, கறுத்த மலம், திடீர்க் கடும் வலி ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எண்டோஸ்கோப்பி மூலம் இரைப்பைச் சுவரில் துளையிட்டு நீரை வடிக்கும் சிகிச்சை அப்போது தேவைப்படலாம். அழற்சியே வராதவருக்குக் கட்டி தெரிந்தால் அது வேறு வகையாக இருக்கலாம். கட்டாயம் ஆராய வேண்டும்.

மற்றவர்களுக்கு மருத்துவர் அடுத்த ஸ்கேனுக்குத் தேதி குறித்துத் தருவார். அதுவரை மதுவும் புகையும் கூடாது. இடையில் ஊற்றும் ஒரு கிளாஸ், வற்றிக்கொண்டிருக்கும் குட்டைக்கு மறுபடியும் மடை திறந்துவிடலாம்.