கிளிக்கு எந்தக் கொம்பு, எந்தக் கம்பி?

கிளியின் காலில் இரண்டு விரல்கள் முன்னோக்கியும் இரண்டு பின்னோக்கியும் இருக்கின்றன. கிளையைச் சுற்றிப் பிடிப்பதற்கென்றே அமைந்த கால் அது. கூண்டுக் கிளி தூங்கும்போதும் அந்தக் கால்களில்தான் நிற்கிறது. கூண்டோடு கடையில் தரும் வழவழப்பான உருளைக் குச்சியோ முனைக்கு முனை ஒரே பருமன். பாரம் எந்நேரமும் உள்ளங்காலின் அதே இடத்தில் விழுவதால் அங்கே தோல் தேய்ந்து, வீங்கி, நாளடைவில் புண்ணாகிச் சீழ் பிடிக்கிறது. மணற்காகிதம் சுற்றிய குச்சி நகத்தைத் தேய்க்கும் என்று விற்கிறார்கள். அது தேய்ப்பது பாதத்தைத்தான்.

பட்டையுள்ள கோணல் கிளைதான் இதற்கு மாற்று. கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படும் பட்ஜிக்கு 1 முதல் 1.5 செ.மீ. பருமன் போதும். காக்கட்டியலுக்கு 2 செ.மீ. அளவும், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்கு 3 செ.மீ. அளவும் வேண்டும். விரல்கள் கிளையை முழுவதும் சுற்றி ஒன்றையொன்று தொடாமல், முக்கால் பங்கு பிடித்தால் அளவு சரி. (பச்சைக்கிளி உள்ளிட்ட நம் நாட்டுக் கிளிகளை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், இங்கே சொல்வதெல்லாம் வளர்க்க அனுமதியுள்ள வெளிநாட்டு இனங்களுக்கே.)

நம் ஊரில் எளிதில் கிடைப்பவற்றுள் கொய்யாக் கொம்பே முதல் தேர்வு. கட்டை கெட்டியானது, பல மாதம் தாங்கும். பட்டையைக் கொறித்தாலும் கெடுதல் இல்லை. யூகலிப்டஸ் கிளையும் நல்லது. முருங்கை சட்டென ஒடியும் என்பதால் உட்காருவதற்கு ஆகாது. கொறித்துத் தள்ளக் கொடுக்கலாம். அரளி, எருக்கு, கள்ளி, ஆமணக்கு, ஊமத்தை ஆகியவற்றைக் கூண்டின் பக்கமே கொண்டு வரக் கூடாது. அரளியில் இலை, பட்டை, கட்டை எல்லாமே இதயத்தைத் தாக்கும் விஷம். கொடைக்கானல் மலைப்பகுதியில் விளையும் பட்டர் ஃப்ரூட் மரமும் பறவைகளுக்கு ஆகாது. அழகுக்காகக் குன்றிமணியைக் கோத்துத் தொங்கவிடுவதும் பேராபத்து.

பூச்சிமருந்து தெளித்த தோட்டத்திலிருந்தும், வாகனப் புகை படியும் சாலையோரத்திலிருந்தும் கிளை வெட்ட வேண்டாம். வெட்டியதைத் தேய்த்துக் கழுவி, கொதிநீர் ஊற்றி, நல்ல வெயிலில் சில நாள் காயவைத்தால் போதும், வார்னிஷ் தேவையில்லை. பிளைவுட்டில் பசை இருக்கிறது. ஏற்றுமதிப் பெட்டிப் பலகையில் 'எச்.டி.' முத்திரை இருந்தால் சூட்டினால் பதப்படுத்தியது, 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது. இரண்டாவது வகை கிளிக்கு வேண்டாம்.

உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் உலோகம். ஜி.ஐ. கம்பியின் பளபளப்பு துத்தநாகப் பூச்சு. கிளி அதைச் சுரண்டி விழுங்கும். சோர்வு, வாந்தி, நீராகப் போகும் எச்சம் என்று தொடங்கி உயிரையே வாங்கிவிடும். பித்தளையிலும் துத்தநாகம் உண்டு. ஈயம் இன்னும் கொடியது. பற்றவைத்த இணைப்பு, தூண்டில் குண்டு, பழைய வண்ணம் எனப் பல இடங்களில் மறைந்திருக்கிறது. வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு வரம்பு விதித்த விதிகள் 2016-இல்தான் வந்தன. அதற்கு முன் வண்ணம் பூசிய கதவு, ஜன்னல் கட்டைகளை ஒதுக்கிவிடுவதே நல்லது. பி.வி.சி. குழாய்களில் ஈயச் சேர்மங்களைக் கட்டுப்படுத்தும் விதிகள் வந்தது 2021-இல். ஆகவே பழைய குழாய்த் துண்டில் ஊஞ்சல் செய்ய வேண்டாம்.

நம்பத்தக்கது எவர்சில்வர், அதிலும் 304 ரகம். காந்தம் வலுவாக இழுத்தால் அது அந்த ரகம் அல்ல. ஒட்டவில்லை என்பதற்காக மட்டும் நம்பிவிடவும் கூடாது. பித்தளை, ஈயம், துத்தநாகம் எதிலும் காந்தம் ஒட்டாது. கொம்பின் முனையில் துளையிட்டு எவர்சில்வர் போல்ட்டைச் செலுத்தி, இரு வாஷர்களுக்கு நடுவே கூண்டுக் கம்பியைப் பிடித்து முடுக்கினால் அசையாது. பொம்மையைத் தொங்கவிட மரை போட்டு மூடும் கொக்கி வேண்டும். சாவி வளையத்தில் அலகு சிக்கும். சலங்கையின் பிளவில் விரல் மாட்டும்.

தொங்கவிடும் பாகம்தான் உழைக்க வேண்டும். பொம்மை உழைக்கத் தேவையில்லை. கடித்துக் கிழித்து உடைப்பது கிளியின் இயல்பு, அதற்கு வழியில்லாத கிளி தன் இறகையே பிடுங்கத் தொடங்கும். சாயமேற்றாத பனையோலைப் பின்னல், கொட்டாங்கச்சி, மூங்கில் துண்டு, சோளக்கதிர்த் தோகை, பாக்குமட்டை ஆகியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, விலையுயர்ந்த பிளாஸ்டிக் பொம்மை எதற்கு? நிறம் வேண்டுமானால் மஞ்சளும் பீட்ரூட் சாறும் போதும். குரோமியத்தில் பதனிட்ட தோல் ஆகாது. மரப்பட்டையில் பதனிட்டதே தகும்.

கயிற்றில்தான் கூடுதல் கவனம் தேவை. நைலான் இழை அறாமல் விரலை இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்தும். பருத்திக் கயிறு மென்மையானது, ஆனால் பிரிந்த இழைகளை விழுங்கினால் இரைப்பையில் அடைத்துக்கொள்ளும். சணல் நூற்பில் கனிம எண்ணெய் சேர்ப்பதும் உண்டு. குட்டையாகக் கட்டிய தேங்காய் நார்க் கயிறு இவற்றைவிட மேல். எந்தக் கயிறானாலும் வாரம் ஒருமுறை பார்த்து, இழை பிரிந்திருந்தால் அன்றே கழற்றிவிட வேண்டும்.