வலித்தால்தான் பல்லா?

பராமரிப்பு இரண்டு வகை என்று நாம் படிக்கிறோம். பழுது வருமுன் பார்ப்பது ஒன்று. பழுதாகி நின்றபின் பார்ப்பது மற்றொன்று. லேத்துக்கு நாள் தவறாமல் எண்ணெய் விடுகிற நாம், வாயிலுள்ள 32 பற்களுக்கு மட்டும் இரண்டாவது வகையைத்தான் கடைப்பிடிக்கிறோம். வலி வந்தால்தான் டாக்டர்! உலகில் சுமார் 350 கோடிப் பேருக்கு வாய் சம்பந்தமான நோய்கள் இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. அப்படியிருந்தும் பெரியவர்கள் ஏன் பல் டாக்டரிடம் ஒழுங்காகப் போவதில்லை?

நண்பர்களே, முதல் காரணம் பல்லின் அமைப்பிலேயே இருக்கிறது. மேற்பூச்சான எனாமல்தான் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். அதில் நரம்பு கிடையாது. நாம் தின்னும் இனிப்பை வாயிலுள்ள கிருமிகள் அமிலமாக மாற்றி எனாமலை அரிக்கும்போது ஒன்றும் தெரியாது. அடுத்த அடுக்கான டென்டினை எட்டினால் லேசாகக் கூசும். அதையும் தாண்டி நடுவிலுள்ள பல்கூழைத் தொட்டால்தான் உயிர் போகிற வலி. ஆக, வலி என்பது முதல் மணி அல்ல, கடைசி மணி! முதலிலேயே போனால் சொத்தையைச் சுத்தம் செய்து அடைத்துவிடலாம். கடைசியில் போனால் வேர் சிகிச்சை, இல்லாவிட்டால் பிடுங்க வேண்டியதுதான்.

இரண்டாவது காரணம் கூலி. என் அப்பா கொத்தனார். "பல்லுக்காக ஒரு நாள் வேலைய விடுறதாடா?" என்பார். கிராம்பைக் கடித்துக்கொண்டு சாரத்தில் ஏறிவிடுவார். கிராம்பிலுள்ள யூஜினால் வலியை மரத்துப்போகச் செய்யுமே தவிர, ஓட்டையை அடைக்காது. அரசு மருத்துவமனையில் பணச் செலவு இல்லைதான். ஆனால் புறநோயாளிச் சீட்டு காலை நேரத்தில். வரிசையில் நின்று திரும்பினால் அன்றைய கூலி போச்சு. வேர் சிகிச்சைக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று முறை போகவேண்டும். பிடுங்க ஒரே முறை போதும். கணக்குப் பார்க்கிற கூலிக்காரர் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுகிறார். அப்பா இப்படி நான்கு கடைவாய்ப் பற்களை இழந்தார். இன்று கறியும் கடலையும் அவர் தட்டில் இல்லை. சோற்றைக் குழைத்துத்தான் சாப்பிடுகிறார். உடம்பை நம்பிப் பிழைப்பவருக்கு இது சின்ன நஷ்டமா? தனியார் கிளினிக் மாலையிலும் திறந்திருக்கும். ஆனால் அங்கே செலவு கையைக் கடிக்கும். மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான்.

மூன்றாவது, பயமும் வதந்தியும். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்பார்கள். பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பல்லைச் சுத்தம் செய்தால் ஆட்டம் கண்டுவிடும் என்பதும் தப்பு. ஈறு ஏற்கெனவே பலமிழந்து ஆடத் தொடங்கிய பல்லைக் காரை பிடித்து வைத்திருக்கும். காரையை எடுத்ததும் உள்ள நிலைமை வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். ஊசிக்குப் பயந்து தள்ளிப்போடுவோரும் உண்டு. தள்ளிப்போடத் தள்ளிப்போடச் சிகிச்சைதான் பெரிதாகிறது.

நான்காவது, அலட்சியம். பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தால் துப்பிவிட்டுப் போய்விடுகிறோம். அது ஈறு நோயின் அறிகுறியாக இருக்கலாம். சர்க்கரை நோய் இருந்தால் ஈறு நோய் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டம். புகையிலை போடுவோர் வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால், வலிக்காவிட்டாலும் உடனே காட்டவேண்டும்.

சரி, நாம் என்ன செய்யலாம்? நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவர்கள். எந்த வரிசை, எந்தச் சீட்டு, யாரைக் கேட்பது என்ற தயக்கமே நம் வீட்டுப் பெரியவர்களைப் பாதி வழியில் திருப்பிவிடுகிறது. அந்த வழியை நாம் விசாரித்து வைக்கலாம். பல் மருத்துவக் கல்லூரிகளில் பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் குறைந்த செலவில் சிகிச்சை தருகிறார்கள். ஊர்களில் முகாமும் நடத்துகிறார்கள். செமஸ்டர் லீவில் ஒரு நாள் அப்பாவையோ அம்மாவையோ நாமே அழைத்துப் போகலாம். வலி இல்லாத நாளாகப் பார்த்துப் போவதே நல்லது.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சொல் மட்டுமா? உழைத்துச் சம்பாதித்த சோற்றை மென்று தின்னும் சுகமும் போய்விடுகிறதே!

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்