எளியோர் இல்லமும் வண்டி நிறுத்தும் இடமும்

மைசூரில் கிருஷ்ணராஜ வட்டத்தைக் கடந்து சயாஜிராவ் சாலையில் சிறிது தொலைவு நடந்தால் தேவராஜ மார்க்கெட்டை அடைகின்றோம். மல்லிகையும் வெற்றிலையும் வாழைப்பழமும் குங்குமக் குவியல்களும் நிறைந்த அந்த அங்காடியையும், அதனை அடுத்த கடைவீதிகளையும், அவற்றின் பின்னே அமைந்த குடியிருப்புத் தெருக்களையும் கொண்டதே தேவராஜ மொஹல்லா. கோட்டை, லஷ்கர், மண்டி, நஜர்பாத் முதலியவற்றோடு சேர்த்து எண்ணப்பட்ட பழைய ஏழு மொஹல்லாக்களுள் இதுவும் ஒன்று.

இவ்வங்காடியில் மூட்டை சுமப்போரும், பூத் தொடுப்போரும், விடியுமுன் வீதியைக் கூட்டுவோரும் எங்கே வாழ்தல் வேண்டும் என்னும் வினாவை நாம் அடிக்கடி எழுப்புவதில்லை. நகரின் நடுவிலேயே அவர்களுக்கு அரசு வீடு கட்டித் தருதல் நன்று என்று சொன்னால் பெரும்பாலோர் தலையசைப்பர். ஆனால், எந்த நகரிலாயினும் அதற்கான வரைபடம் விரிக்கப்பட்டதும் அக்கம்பக்கத்தார் கேட்கும் முதற்கேள்வி, "இத்தனை வீடுகள் வந்தால் வண்டிகளை எங்கே நிறுத்துவது?" என்பதாகவே இருக்கின்றது. இதனைப் பொதுப்படப் பேசுவதைக் காட்டிலும், ஓர் இடத்தைக் கண்முன் வைத்து ஆராய்தல் தெளிவு தரும். ஆகவே தேவராஜ மொஹல்லாவில் அத்தகைய குடியிருப்பு ஒன்று எழுவதாகக் கொண்டு பார்ப்போம்.

கேள்வி கேட்பவரைக் கல்நெஞ்சர் என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. மாலை வேளையில் தேவராஜ அர்ஸ் சாலைக்குச் சென்றவர் அவர்தம் இடர்ப்பாட்டை அறிவர். சாலையின் ஓரங்களில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. இடம் கிடைக்காதவை குறுக்குத் தெருக்களில் புகுந்து, பிறர் வீட்டு வாயிலை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. நோயாளியை ஏற்றவரும் ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் நுழைய வழியில்லையெனின் அது வெறும் வசதிக் குறைவு அன்று. இங்குள்ள கட்டடங்கள் பல பழமையானவை. 2012-ஆம் ஆண்டு லான்ஸ்டௌன் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து நால்வர் உயிரிழந்ததையும், 2016-இல் மார்க்கெட்டின் ஒரு பகுதியே சரிந்ததையும் கண்ட மக்கள், வழி அடைபடுவதைப் பற்றி அஞ்சுவதில் வியப்பில்லை. இந்நெருக்கடிக்கு மாற்றாக நகர மண்டபத்தின் முற்றத்தில் நிலத்தடி நிறுத்துமிடம் அமைக்கத் தொடங்கினர். அப்பணி ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. நிலத்தைத் தோண்டி வண்டிக்கு இடம் தேடுவது சொல்லுமளவிற்கு எளிதன்று என்பதற்கு அதுவே சான்று.

இந்நகரம் நெருக்கத்தைத் தீர்க்க முனைந்தது இது முதன்முறையும் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிளேக் நோய் மைசூரை உலுக்கியது. கும்பகோணத்தில் பிறந்து பின்னர் மைசூரின் திவானாக உயர்ந்த வி. பி. மாதவராவ் அந்நாளில் பிளேக் கமிஷனராக இருந்தார். நெருங்கிய வீடுகளும் காற்றோட்டமற்ற சந்துகளுமே நோய்க்கு உறைவிடம் என்று அன்றையோர் கருதினர். அதன் பயனாக 1903-இல் நகர அபிவிருத்தி டிரஸ்டு போர்டு நிறுவப்பட்டது. புதிய விரிவாக்கப் பகுதிகள் எழுந்தன. வீடுகளின் பின்புறம் கழிவகற்றுவோர் வந்துபோவதற்கென்றே 'கன்சர்வன்ஸி' எனப்படும் சந்துகள் விடப்பட்டன. அவற்றை இன்றும் காணலாம். காற்று, வெளிச்சம், கழிவு நீக்கம் ஆகிய மூன்றையும் எண்ணித் திட்டமிட்ட அப்பெருமக்களின் கணக்கில் மோட்டார் கார் இடம்பெறவில்லை. இடம்பெற்றிருக்கவும் இயலாது.

இன்றைய கணக்கில் அது இடம்பெற்றுள்ளது. சற்று மிகுதியாகவே இடம்பெற்றுள்ளது என்பது நம் கருத்து. ஒரு காரை நிறுத்தவும், அதனை உள்ளே கொணர்ந்து வெளியே எடுக்கவும் வேண்டிய பரப்பை நம் நாட்டு நகரமைப்பு நெறிமுறைகள் வரையறுத்துள்ளன. திறந்தவெளியாயின் 23 சதுர மீட்டர். கட்டடத்தின் தரைத்தளமாயின் 28. நிலத்தடித் தளமாயின் 32. இனி வீட்டிற்கு வருவோம். 2015-இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம், மிக எளிய வருவாய்ப் பிரிவினர்க்குரிய வீட்டின் உட்பரப்பை 30 சதுர மீட்டர் வரை என்று வகுத்தது. கணவன், மனைவி, மக்கள், முதிய தாய் ஆகிய அனைவரும் உண்டு உறங்கி வாழும் இடம் 30. நிலத்தடியில் ஒரு கார் உறங்கும் இடம் 32!

எனவே, வீடு ஒன்றுக்குக் கார் ஒன்று என விதி வகுப்போமாயின், ஒரு வீட்டைக் கட்டும்பொழுதே மற்றொரு வீட்டிற்கு நிகரான பரப்பையும் கட்டுகின்றோம். அதன் செலவு எவர் தலையில் விழும்? குடியேறுவோர் தலையிலும், அவர்க்கு உதவும் அரசின் தலையிலுமே விழும். அன்றேல் வீடுகளின் எண்ணிக்கை குறையும். அமெரிக்காவில் 1923-இல் கொலம்பஸ் என்னும் நகரம் அடுக்குமாடி வீடுகளுக்கு இத்தகைய விதியை வகுத்தது. பின்னர் அந்நாடெங்கும் அது பரவியது. அவ்விதியால் வீட்டு விலையும் வாடகையும் ஏறுகின்றன என்று டொனால்ட் ஷூப் என்னும் பேராசிரியர் பல்லாண்டுகள் ஆராய்ந்து எடுத்துரைத்தார். கலிபோர்னியா மாநிலம் 2022-இல் இயற்றிய சட்டத்தின்வழி, சிறந்த பொதுப் போக்குவரத்து உள்ள இடங்களுக்கு அருகே இக்கட்டாயத்தை நீக்கிவிட்டது.

அவ்வீடுகளில் குடியேறுவோரிடம் உண்மையில் எவ்வளவு கார்கள் இருக்கும் என்பதையும் எண்ணுதல் வேண்டும். 2011-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி, இந்தியக் குடும்பங்களுள் கார் உடையவை நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு; இருசக்கர மோட்டார் வண்டி உடையவை ஏறத்தாழ 21. அதன்பின் இவ்வெண்கள் உயர்ந்துள்ளன என்பது உண்மையே. ஆயினும், மூட்டை சுமந்து பிழைப்பவர் வீட்டு வாயிலில் கார் நிற்கும் நாள் இன்னும் வரவில்லை. அவர்க்குத் தேவைப்படுவது வேறு. சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்கும் நிழலுள்ள இடம் வேண்டும். ஆட்டோ ஓட்டுபவரின் ஆட்டோவும், காய் விற்பவரின் தள்ளுவண்டியும் இரவில் பத்திரமாக நிற்க இடம் வேண்டும். அவை வெறும் வண்டிகள் அல்ல, அக்குடும்பங்களின் முதலீடு. எளியோர் குடியிருப்பின் வரைபடங்களில் காருக்குக் கோடு போடுவோர் தள்ளுவண்டிக்குக் கோடு போட மறந்துவிடுகின்றனர். பின்னர் அவ்வண்டிகள் தெருவில் நிற்கும்பொழுது, "நாங்கள் அன்றே சொன்னோமே" என்று அக்கம்பக்கத்தார் குறை கூறுகின்றனர்.

இத்தனை தொல்லை எதற்கு, நகருக்கு வெளியே மலிவான நிலத்தில் கட்டிவிடலாமே என்பாரும் உளர். சென்னை அவ்வழியைச் சோதித்துப் பார்த்தது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களுக்கு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகரின் நடுவிலிருந்து பெயர்க்கப்பட்டன. கூரை கிடைத்தது, ஆனால் வேலைக்குச் செல்லும் தொலைவு நீண்டது. வீட்டுவேலை செய்து பிழைத்த பெண்கள் பலர் வேலையை இழந்தனர். பிள்ளைகள் பள்ளி மாறினர், சிலர் பள்ளியையே விட்டனர். தேவராஜ மார்க்கெட்டில் விடியற்காலை இறங்கும் சுமைக்கு நகரின் எல்லையிலிருந்து வருவதற்குப் பேருந்து ஏது? வெளியே வீடு தந்தால் அவரும் ஒரு வண்டி வாங்க நேரிடும். அவ்வண்டியும் இம்மொஹல்லாவில் வந்துதான் நிற்கும்! நடந்து வேலைக்குச் செல்லும் தொலைவில் வீடு தருவதே வண்டிகளைக் குறைக்கும் வழிகளுள் ஒன்று. நகரப் பேருந்து நிலையமும் இரயில் நிலையமும் நடைதூரத்தில் உள்ள பகுதிக்கு இது மேலும் பொருந்தும்.

அங்ஙனமாயின் பழங்குடியிருப்பாளரின் குறைக்கு விடை யாது? வீட்டுத் திட்டத்தை நிறுத்துவதால் அவர்தம் வாயில் திறக்கப்போவதில்லை. அதை அடைத்து நிற்பவை கடைக்கு வருவோரின் வண்டிகளும், வீட்டில் இடமின்றிக் கார் வாங்கியோரின் வண்டிகளுமே. ஜப்பான் நாடு 1962-இல் ஒரு சட்டம் செய்தது. கார் வாங்குவோர் அதனை நிறுத்தத் தமக்கு இடம் உண்டு என்பதற்குக் காவல்துறையிடம் சான்று பெறல் வேண்டும். பொதுச்சாலை எவருக்கும் கொட்டில் அன்று. நம் நாட்டின் தேசிய நகர்ப் போக்குவரத்துக் கொள்கையும் 2006-இலேயே, நிலத்தின் மதிப்பை உணர்த்தும் அளவிற்கு நிறுத்தக் கட்டணம் இருத்தல் வேண்டும் என்று கூறியது. 2021-இல் ஒப்புதல் பெற்ற பெங்களூர் நிறுத்தக் கொள்கை, தெருவோரம் கார் நிறுத்தும் குடியிருப்பாளர்க்கு ஆண்டு அனுமதிச்சீட்டு என்னும் முறையை முன்வைத்தது. தெருவோரத்தை இலவசமாக நுகர்ந்து பழகியோர்க்கு இவை கசக்கும். ஆனால் கட்டணம் ஒன்றும் இல்லாத இடத்தில், முந்தி வந்தவனே உரிமையாளன் ஆகின்றான். வீட்டுக்காரர் மாலையில் திரும்பி வந்து திகைத்து நிற்கின்றார்.

ஆதலின், குடியிருப்பு ஒன்று திட்டமிடப்படும்பொழுது அத்தெருக்களுக்கும் ஓர் உடன்படிக்கை செய்தல் தகும் என்று எண்ணுகின்றோம். தீயணைப்பு வண்டி செல்லும் அகலத்திற்குக் கோடு வரைந்து, அதனுள் எவர் வண்டியும் நில்லாதபடி காத்தல் அதன் முதற்பகுதியாகலாம். அனுமதிச்சீட்டு வழங்கின், பழையவர்க்கும் புதியவர்க்கும் ஒரே விதியாக வழங்கல் வேண்டும். கன்சர்வன்ஸி சந்துகளுள் தூய்மை செய்யத்தக்கவற்றை இருசக்கர வண்டிகளுக்குப் பயன்படுத்த இயலுமா என்பதும் ஆராயத்தக்கது.

இவ்வனைத்திற்கும் முன்பாகச் செய்ய வேண்டிய சிறு பணி ஒன்று உண்டு; அதற்குப் பெருஞ்செலவும் இல்லை. தெருவில் நிற்கும் வண்டிகளை மாலை ஆறு மணிக்கு ஒருமுறையும், இரவு பதினொரு மணிக்கு ஒருமுறையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மாலையில் நிற்பவை பெரும்பாலும் கடைகளை நாடி வந்தவை. கடைகள் மூடியபின் எஞ்சி நிற்பவையே அங்கு வாழ்வோருடையவை. இவ்விரு எண்களும் கிடைத்தால், பகலில் வாடிக்கையாளர்க்குப் பயன்படும் நிறுத்துமிடம் இரவில் எத்தனை குடியிருப்பாளர்க்குப் பயன்படும் என்பது தெரிந்துவிடும். அதன்பிறகு, புதிய வீடுகளுக்கென ஒரு காரின் இடத்தையேனும் தோண்ட வேண்டுமா என்று நகராண்மையாளரும் மொஹல்லாவினரும் ஒரே தாளை வைத்துக்கொண்டு பேசலாம்.