இருகூரில் இறங்கும் கடல்

‘டக்’கென்று ஒரு சத்தம். கண்டெய்னர் கதவில் போல்ட் சீல் விழுந்துவிட்டது. அதில் பொறித்திருக்கும் எண்ணை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் தாளோடு ஒத்துப் பார்க்கிறார். ஓர் இலக்கம் பிசகினாலும் துறைமுகத்தில் பெட்டி நின்றுவிடும்.

கோவைக்குக் கிழக்கே, இருகூரில் ரயில்வேயின் கான்கார் நிறுவனம் நடத்தும் உள்நாட்டுக் கண்டெய்னர் முனையத்தை ஏற்றுமதிக்காரர்கள் ‘ஐசிடி’ என்பார்கள். ஷிப்பிங் பில், சுங்கச் சோதனை, ஏற்றுமதி அனுமதி என்று கடற்கரையில் நடக்க வேண்டிய காரியங்கள் இங்கேயே முடிந்துவிடும். இந்தியாவில் இந்த ஏற்பாடு 1981-ல் பெங்களூரில் தொடங்கியது.

பெரிய கம்பெனிகள் ஆலையிலேயே பெட்டியை நிரப்பி சீல் வைத்துக்கொள்ளும். பம்ப் உதிரிபாகம் செய்யும் சின்னப் பட்டறைக்காரருக்கோ 20 அடி கண்டெய்னரே பெரிது. நாலு பேர் சரக்கைச் சேர்த்து ஒரே பெட்டியில் ஏற்ற, பக்கத்திலேயே ஓர் இடம் வேண்டும். ஒரு தாள் குறைந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வரலாம். அதே தாள் தூத்துக்குடித் துறைமுகத்தில் குறைந்தால் ஒரு நாள் போச்சு. ஐசிடியின் அருமை இவருக்குத்தான் தெரியும்.

கொங்குச் சரக்குக்கு இரண்டு கடல். பாலக்காட்டுக் கணவாய் வழியே போனால் கொச்சி 200 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். பழைய வழிதான், கோவையை ஒட்டிய வெள்ளலூரில் கிடைத்த ரோமானியக் காசுகளே சாட்சி. தூத்துக்குடி ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம். கொச்சி வல்லார்பாடத்தில் 2011-ல் புதிய முனையம் வந்த பிறகும், திருப்பூர் பனியன் பெரும்பாலும் தூத்துக்குடிக்கே போகிறது. அங்கிருந்து ‘ஃபீடர்’ என்னும் சின்னக் கப்பலில் கொழும்பு, கொழும்பில் பெரிய கப்பல். வாரத்துக்கு எத்தனை கப்பல், காலிப் பெட்டி கிடைக்குமா, துறைமுகம் பெட்டி வாங்கும் கடைசி நேரமான ‘கட்-ஆஃப்’புக்குள் போய்ச் சேருமா என்பதைத்தான் ஏற்றுமதிக்காரர் பார்க்கிறார். கிலோமீட்டர் கணக்கு அதற்குப் பிறகுதான்.

இருகூர் ரயில் சந்திப்பு. ஆனாலும் கொங்கிலிருந்து கடலுக்குப் போகும் பெட்டிகளில் பெரும்பாலானவை தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை என்று இரவெல்லாம் லாரியில்தான் போகின்றன. பனியன் இடத்தை அடைக்கும், எடை குறைவு, லாரிக்குத் தோது. வார்ப்பு இரும்பும் மோட்டாரும் பெட்டி பாதி நிரம்பும் முன்பே எடை வரம்பைத் தொட்டுவிடும். அந்தப் பாரம் தண்டவாளத்துக்கே உரியது என்பேன்.

பெட்டி சேரட்டும், அப்புறம் ரயில் விடலாம் என்றால் சரக்கு லாரியைத் தேடித்தான் போகும். ரயில் முதலில் ஓட வேண்டும்: வாரத்தில் குறித்த கிழமை, குறித்த நேரம், பாதி வண்டி காலியாக இருந்தாலும் இருகூரிலிருந்து தூத்துக்குடிக்கு.