மகளுக்கு அப்பன் நிறம்

"அண்ணே, லைட்டையும் பஃப்பையும் ஒண்ணா விட்டா குஞ்சு என்ன கலர்ல வரும்?" காப்பார் சாலைப் பக்கம் இருக்கும் என் கொட்டகைக்கு பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வரும் தம்பிமார் முதலில் கேட்பது இதைத்தான். "சேவல் எதுப்பா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பதில் அதில்தான் இருக்கிறது.

பிரம்மா கோழி வளர்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நல்ல சேவல் ஐந்து கிலோவைத் தொடும். கால்விரல் வரை இறகு மூடியிருக்கும். லைட் என்பது வெள்ளை உடம்பு, கழுத்தில் கறுப்புக் கோடு, கறுப்பு வால். பஃப்புக்கும் அதே கோலம்தான். வெள்ளைக்குப் பதில் பொன்னிறம். அடித்தளம் மட்டும் வேறு என்பதால் இந்த இரண்டையும் தைரியமாகக் கலக்கலாம்.

வெள்ளையா பொன்னா என்று தீர்மானிக்கும் மரபணு பாலினக் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. இதில் வெள்ளைக்குத்தான் கை ஓங்கும். சேவலிடம் அந்தக் குரோமோசோம் இரண்டு, பெட்டையிடம் ஒன்றுதான். அந்த ஒன்றையும் பெட்டை மகனுக்கே கொடுக்கும், மகளுக்குக் கொடுக்காது. ஆகவே பஃப் சேவலை லைட் பெட்டையோடு விட்டால் மகள்கள் அப்பனைப்போலப் பொன்னிறம், மகன்கள் அம்மாவைப்போல வெளுப்பு. இருபத்தோராம் நாள் இன்குபேட்டரைத் திறந்து பல்பு வெளிச்சத்தில் பார்த்தாலே தெரியும்: மஞ்சளோடிய தூவி என்றால் பெட்டை, பால் வெளுப்பு என்றால் சேவல். மாற்றி, லைட் சேவலை பஃப் பெட்டையோடு விட்டால் எல்லாக் குஞ்சும் வெளுப்பாகவே வரும். ஆண், பெண் பிரிக்க வழியில்லை.

இது பண்ணைக்காரர்களுக்குப் பழைய பாடம். ரொட்டி தெலூருக்கு உடைக்கிற பழுப்பு முட்டை இருக்கிறதே, அதை இடுகிற பண்ணைக்கோழி ரகங்களில் பலவற்றை முதல் நாளிலேயே ஆண், பெண் பிரிப்பது இதே வெள்ளை–பொன் கணக்கை வைத்துத்தான்.

வில்லங்கம் அந்த வெளுத்த மகன்களிடம் இருக்கிறது. பார்க்க லைட் மாதிரி. உள்ளே பொன் ஒளிந்திருக்கும். அதை அசல் லைட் என்று வாங்கிப்போய் லைட் பெட்டைகளோடு விடுகிறவருக்கு, மகள்களில் சுமார் பாதி பஃப்பாக வரும். விற்றவனைத் திட்டுவார், நியாயம்தான். வளர்ந்த சேவலின் முதுகில் மஞ்சள் அடித்தால் சந்தேகப்படலாம். ஆனால் நம் ஊர் வெயிலில் அசல் லைட்டுக்கும் மஞ்சள் ஏறும். கண்ணை நம்பிப் பயனில்லை. கலப்புக் குஞ்சுக்கு நான் சிறு வயதிலேயே காலில் வளையம் போட்டுவிடுவேன்.

பிறகு எதற்குக் கலப்பு? ரத்தத்துக்காக. கிள்ளான் பள்ளத்தாக்கில் பிரம்மா வளர்ப்பவர்கள் ஒருவருக்கொருவர்தான் முட்டையும் குஞ்சும் மாற்றிக்கொள்கிறோம். அண்ணன் தங்கையே ஜோடி சேர்ந்தால் கரு தங்காது, உடம்பு சிறுக்கும். வேறு நிறத்து வரிசையிலிருந்து ஒரு நல்ல சேவலைக் கொண்டுவந்தால் எலும்பும் அகலமும் திரும்பி வரும். நிறத்தைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம், உடம்பு போனால் அவ்வளவு சுலபமில்லை. வரலாறும் அப்படித்தான். ஷாங்காயிலிருந்து 1840களில் அமெரிக்கா போன பெருங்கோழிகளிலிருந்து உருவான இனம் இது. பெயரை பிரம்மபுத்திராவிடம் வாங்கிக்கொண்டது. 1852இல் விக்டோரியா மகாராணிக்கே பரிசாகப் போயிற்று. லைட்டும், டார்க் என்கிற இன்னொரு நிற வகையும் அமெரிக்கத் தர நூலில் ஏறியது 1874இல். பஃப்புக்கு 1924 வரை இடம் கிடைக்கவில்லை.

டார்க்கை மட்டும் நான் லைட்டோடு சேர்ப்பதில்லை. டார்க் பெட்டையின் ஒரே ஓர் இறகை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள்: ஓரத்தின் வளைவையொட்டி, ஒன்றுக்குள் ஒன்றாக மெல்லிய கோடுகள். லைட்டின் ரத்தமோ கறுப்பைக் கழுத்துக்கும் வாலுக்கும் ஒதுக்கித் தள்ளும். இரண்டும் மோதினால் கோடு கலைந்து மங்கிய இறகுதான் மிஞ்சும். அதைப் பழையபடி கொண்டுவரத் தலைமுறை தலைமுறையாகக் கழிக்க வேண்டும். அதற்கு இடமும் தீனியும் என்னிடம் இல்லை.

நீலம் கேட்பவர்களுக்குக் கணக்கு எளிது. நீலத்தோடு நீலம் சேர்த்தால் சுமார் பாதிதான் நீலம். கால் பங்கு கறுப்பு, கால் பங்கு ஸ்ப்ளாஷ் என்கிற திட்டு வெளுப்பு. கறுப்பையும் ஸ்ப்ளாஷையும் ஜோடி சேர்த்தால் அத்தனையும் நீலம். இதை நம்பாமல் போன ஒரு தம்பி இப்போது கறுப்புச் சேவல் தேடிக்கொண்டிருக்கிறார்.