ஒல்லாந்தர் படையின் உடையும் கருவியும் – சொல்லாட்சி பற்றிய ஒரு நோக்கு

முன்னுரை

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பினி 1602-ஆம் ஆண்டு தோன்றி 1799-இல் முடிவெய்தியது. அக்கும்பினியின் படைகள் பழவேற்காடு, நாகப்பட்டினம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம், கொழும்பு ஆகிய இடங்களில் நிலைகொண்டிருந்தன. அப்படையினர் உடுத்தவற்றையும் ஏந்தியவற்றையும் தமிழில் எழுதப் புகுவோர்க்குச் சொற்றேர்வில் சில இடர்கள் நேர்கின்றன. ஒரு சொல்லைத் தவறாக ஆளின் வரலாற்றுச் செய்தியே பிழைபட்டுவிடும். இவ்விடர்களை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இனப்பெயர்

அம்மக்களைத் தமிழ் மூன்று பெயர்களால் வழங்கியுள்ளது. ‘உலாந்தா’ என்பது போர்த்துக்கேயர் வாய்மொழி வழி வந்தது. ‘ஒல்லாந்தர்’ என்பது ஈழத்து எழுத்து வழக்கில் நிலைபெற்றது. ‘டச்சு’ என்பது ஆங்கிலத்தின் வழிப் பிற்காலத்தில் பரவியது. மராத்தியிலும் இந்நிலையே. வெங்குர்லாவில் பதினேழாம் நூற்றாண்டில் எழுந்த பண்டகசாலையை அங்குள்ளோர் இன்று ‘டச்சு வக்கார்’ என்றே குறிப்பர்.

எப்பெயரை ஆளினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். ‘ஒல்லாந்தர் படை’ எனில் ஒல்லாந்தரால் ஆகிய படை என்று பொருள் கொள்ளலாகாது. செருமானிய நிலங்களிலிருந்து வந்தோர் அதில் பெருந்தொகையினர். இலங்கைக் காட்சிகளை வரைந்து 1744-இல் நூலாக வெளியிட்ட எய்ட் என்பவரும் செருமானியரே. நிலமானியம் பெற்று, உள்ளூர்த் தலைவர்களின் கீழ்ப் பணிபுரிந்த ‘லஸ்கரின்’ வீரர்கள் இந்நாட்டவர். எனவே, ‘ஒல்லாந்தர் கும்பினிப் படை’ என்பதே பொருந்தும் தொடர் எனலாம்.

2. ‘சீருடை’ பொருந்துமா?

‘சீருடை’ இக்கால ஆக்கம். ஒரே நிறம், ஒரே வெட்டு, ஆணைவழிப்பட்ட ஒழுங்கு ஆகியன அச்சொல்லின் உட்பொருள். பதினேழாம் நூற்றாண்டுக் கும்பினி வீரனுக்கு இவ்வொழுங்கு இல்லை. ஐரோப்பியப் படைகளிலேயே அது அந்நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவலாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில்தான் நீலச் சட்டை கும்பினிப் படையில் வழக்காகிறது. ஆதலின், 1658-இல் நாகப்பட்டினத்தைக் கைக்கொண்ட வீரர்களைச் ‘சீருடை அணிந்தோர்’ என எழுதுவது பிழை. ‘படையுடை’ அல்லது ‘உடை’ என்றாலே போதும். மூலத்தில் உள்ள பொதுச்சொல்லைச் சிறப்புச்சொல்லாக்குவது மொழிபெயர்ப்பில் எளிதில் நேரும் வழுவாகும்.

3. துப்பாக்கி வகைகள்

‘துப்பாக்கி’ என்பது துருக்கி மொழிச் சொல்லின் வழி வந்தது. தமிழில் இவ்வொரு சொல்லே எல்லா வகைகளையும் தழுவி நிற்கிறது. ஆயின், கும்பினிப் படையின் முற்காலத் துப்பாக்கி, கனலும் திரியால் மருந்தைப் பற்றவைப்பது. பிற்காலத்தது, கல்லை எஃகில் உரசிப் பொறி எழுப்புவது. முன்னதற்கு மழையும் காற்றும் பகை. இரவில் திரியின் கனல் வீரனைக் காட்டிக்கொடுக்கவும் செய்யும். எனவே, முன்னதைத் ‘திரித் துப்பாக்கி’ எனவும், பின்னதைச் ‘சக்கிமுக்கித் துப்பாக்கி’ எனவும் வேறுபடுத்துதல் நன்று.

ஒல்லாந்தர் பின்னதை ‘சினாப்பான்’ என்றனர். இச்சொல் மலாய் மொழியிலும் இந்தோனேசிய மொழியிலும் ‘செனாப்பான்’ என இன்றும் துப்பாக்கியைக் குறிக்கிறது. தமிழில் அது வேரூன்றவில்லை. அவ்விடத்தைத் ‘துப்பாக்கி’ முன்னரே நிரப்பியிருந்தது.

துப்பாக்கிகளின் பூட்டுத் தகட்டில் கும்பினியின் மூன்றெழுத்துப் பிணைப்பு முத்திரை பொறிக்கப்படும். ஆம்சுடர்டாம் கிளைக்குரியதாயின் அதன் முதலெழுத்தும் உடன் வரும். ஏடுகளின் சொற்களைப் பொருள்களோடு ஒப்பிட இம்முத்திரைகள் துணை செய்வன.

4. கடன்சொற்கள் காட்டும் செய்தி

தமிழில் வழங்கும் ஒல்லாந்தச் சொற்களை நோக்குவோம். கந்தோர் அலுவலகத்தையும், நொத்தாரிசு ஆவணம் எழுதும் சட்ட அலுவலரையும், லாச்சி இழுப்பறையையும், போஞ்சி அவரை வகையொன்றையும், கக்கூசு கழிப்பிடத்தையும் குறிப்பன. ‘துட்டு’ ஒல்லாந்தச் செப்புக் காசின் பெயர் என்பர். இவை அலுவலகம், மனை, சந்தை ஆகியவற்றைச் சார்ந்தவை.

படைத்துறைச் சொற்களோ வேறு வழியின. ‘சிப்பாய்’ பாரசீகம்; ‘லஸ்கரின்’ பாரசீகச் சொல்லின் போர்த்துக்கேய வடிவம்; ‘சப்பாத்து’, ‘பொத்தான்’ போர்த்துக்கேயம். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் காணும் ‘சொலுதாது’ புதுச்சேரிப் பிரெஞ்சுச் சூழலுக்குரியது. ஒல்லாந்தர் வருமுன்னரே போர்த்துக்கேயர் ஒரு நூற்றாண்டிற்கு மேல் இக்கரைகளில் போரிட்டனர். ஒல்லாந்தர் ஆட்சியிலும் உள்ளூராரோடு பேசப் போர்த்துக்கேயக் கிரியோலே பெரிதும் பயன்பட்டது. ஆதலின் பாசறைச் சொற்களுக்குப் புதுக் கடன் தேவைப்படவில்லை எனக் கருதலாம்.

‘தொப்பாசு’ என்னும் பெயர் ஈண்டு நினையத்தக்கது. தொப்பி அணிந்தோர் என்பதால் அப்பெயர் வந்தது என்பர் ஒருசாரார். இருமொழியாளரைக் குறிக்கும் ‘துபாசி’யின் திரிபு என்பர் மற்றொரு சாரார். உடை ஒருவனின் தகுதியைக் காட்டிய சூழலில் முதற்கருத்து எளிதில் பரவியிருக்கும்.

5. உடை மாறியோர்

1741-இல் குளச்சலில் ஒல்லாந்தர் தோற்றனர். சிறைப்பட்ட தெ லனாய் திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவித்து, 1777-இல் மறைந்தார். உதயகிரிக் கோட்டையிலுள்ள அவர் கல்லறையில் இலத்தீனும் தமிழும் உடன் பொறிக்கப்பட்டுள்ளன. கும்பினிப் பணிக்கென 1781-இல் திரட்டப்பட்ட சுவிட்சர்லாந்தின் தெ மெரோன் படைப்பிரிவு, 1795-இல் ஆங்கிலேயர் பணிக்கு மாறியது. பின்னர் 1799-இல் சீரங்கப்பட்டின முற்றுகையில் பங்குகொண்டது. படைப்பிரிவு அதுவே; சட்டையின் நிறம் மட்டும் சிவப்பாயிற்று.

முடிவுரை

உடையைக் கொண்டு நாட்டையும், நாட்டைக் கொண்டு உடையையும் துணிதல் இக்காலப் பழக்கம். அன்றைய படைகளுக்கு அது பொருந்தாது. மொழிபெயர்ப்பாளர் முதலில் ஆண்டை நோக்குக; அடுத்து, வீரன் எவரிடம் ஊதியம் பெற்றான் என நோக்குக; அதன் பின்னரே சொல்லைத் தேர்க. ‘சீருடை’, ‘துப்பாக்கி’, ‘ஒல்லாந்தர்’ என்னும் மூன்று சொற்களை அளந்து ஆளினும், வெறுங்காலோடு அணியில் நின்ற லஸ்கரின் வீரன் நம் மொழிபெயர்ப்பில் மறைந்துபோகான்.