பீரங்கி இருந்தும் ஈட்டி எதற்கு?

சென்ற மாதம் வைட்ஃபீல்டில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் பாய்மரப் போர்க்கப்பல் படம் ஒன்று ஓடியது. "இத்தனை பீரங்கி இருக்கிறதே தாத்தா, பாய்மரத்தைச் சுற்றி எதற்கு ஈட்டிகள்?" என்று பேரன் கேட்டான். நல்ல கேள்வி.

அந்த ஈட்டிக்கு 'போர்டிங் பைக்' என்று பெயர். பீரங்கிச் சண்டையில் முடிவு தெரியாவிட்டால் இரு கப்பல்களும் உரசி நிற்க, ஒன்றின் ஆட்கள் மற்றதில் தாவி ஏறுவார்கள். அவர்களைத் தடுக்கத்தான் முக்கியமாக இந்த ஈட்டி. அக்காலத் துப்பாக்கியை ஒருமுறை சுட்டால் மறுபடி மருந்து கெட்டிக்க வேண்டும். அதற்குள் எதிரி மேலே வந்துவிடுவான். ஈட்டிக்கு மருந்து வேண்டாம்; நனைந்தாலும் கவலையில்லை. வாள் வீசத் தெரியாத மாலுமியும் குத்தலாம். கப்பலின் ஓரத்தில் வலை கட்டி, அதன் கண்கள் வழியாகவும் குத்துவார்கள்.

பிரிட்டிஷ் கடற்படை ஈட்டி ஏறத்தாழ 8 அடி நீளம். பிடி 'ஆஷ்' மரம். இழை நீளவாக்கில் ஓடுவதால் அதிர்ச்சி தாங்கும். எதிரியின் வாள் பிடியை வெட்டிவிடாதபடி, முனையிலிருந்து இரண்டு இரும்புப் பட்டைகள் கீழே இறங்கும்.

இது நமக்குத் தூரத்துக் கதையல்ல. 1782, 1783 ஆண்டுகளில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலேயத் தளபதி ஹ்யூஸும் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர்க் கடல்களில் பீரங்கிகளோடு மோதினார்கள். 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தில் கட்டிய போர்க்கப்பலுக்கு நம் திருகோணமலையின் பெயரே, 'டிரிங்கோமாலி' என்று வைக்கப்பட்டது. அது இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. தாவி ஏறும் சண்டைக்கும் வங்கக் கடலே சாட்சி. 1800 அக்டோபரில் பிரெஞ்சுக்காரர் சுர்கூஃப், தம் சிறிய 'கான்ஃபியான்ஸ்' கப்பலிலிருந்து ஆட்களோடு ஏறிப் பெரிய 'கென்ட்' கப்பலைக் கைப்பற்றினார்.

என்னைக் கவர்ந்தது ஈட்டியின் கூர்மை அல்ல, அதை வைத்த இடம். பாய்மரத்தைச் சுற்றிய வளையத்தில், கைக்கு எட்டும்படி நிறுத்தியிருப்பார்கள். யார் எடுக்க வேண்டும் என்பதும் முன்கூட்டியே பட்டியலில் இருக்கும்.

ரயில்வேயில் ஒரு மழை இரவு. தண்டவாளத்தில் மரம் விழுந்து, பாசஞ்சர் வண்டி முந்தைய ஸ்டேஷனில் நின்றுவிட்டது. அதில் பிரசவ வலி கண்ட ஒரு பெண். கோடரி, ரம்பம், கடப்பாரை எல்லாம் பெட்டியில் இருந்தன. பூட்டின் சாவி மட்டும் என் சட்டைப்பையில். நானோ அடுத்த ஊரில். ஆள் வந்து சாவி வாங்கிப் போக ஒரு மணி நேரம் ஆயிற்று. தாயும் சேயும் பிழைத்தார்கள். அது என் சாமர்த்தியத்தால் அல்ல. மறுநாளே சாவியைப் பெட்டிக்கு அருகே சுவரில் மாட்டச் செய்தேன்.

நம் அடுக்குமாடி வீடுகளில் தீயணைக்கும் உருளைக்கு முன்னால் செருப்பு அலமாரியும் சைக்கிளும் நிற்கின்றன. இன்றே ஒருமுறை எட்டிப் பாருங்கள். இருட்டில் கை நீட்டினால் எட்டுமா?